பாராளுமன்றம் ஓயும் காலம்: வன்னியில் இருந்து கோரிக்கை அனுப்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்ச் சங்கத்தின் யானை வேலிக் கோரிக்கை 2023 ஜனவரியில் ஒரு உறுப்பினர் மூலமாக இலங்கைப் பாராளுமன்றத்துக்கு வாய்மூலக் கேள்வியாகப் போனது. ஒழுங்குப் புத்தகத்தில், அதாவது சபையின் அலுவல் பட்டியலில், ஏறிவிட்டது என்று அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள். நாங்களும் நம்பி இருந்தோம். அந்த மாதம் 27ஆம் திகதி நள்ளிரவோடு ஜனாதிபதி கூட்டத்தொடரை முடித்துவைத்தார். புதிய கூட்டத்தொடர் பெப்ரவரி 8ஆம் திகதி தொடங்கியது. இடைவெளி இரண்டு வாரம்கூட இல்லை. ஆனால் கேள்வியைப் புதிய கூட்டத்தொடரில் மறுபடி பதிய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது, அந்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் நினைவில் வரவில்லை. சிறுபோக அறுவடை முடியும்வரை பதில் வரும், வரும் என்று காத்திருந்தோம். இரண்டு முறை யானை வந்துபோனது. பதில் வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "பாராளுமன்றம் லீவெண்டால் எங்கட கேள்வியும் லீவோ, தம்பி?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது. பாராளுமன்றத்தின் "லீவு" ஒரே மாதிரியானது அல்ல. மூன்று வகை இருக்கிறது. எந்த லீவு, யார் விட்டது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கோரிக்கை உயிரோடு இருக்கிறதா, தூங்குகிறதா, செத்துப்போனதா என்று சொல்லலாம். அதை அறிந்து நாள் பார்த்து வேலை செய்வது எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் உறுப்பினர் யார்?

இது சின்ன விடயம்தான், ஆனாலும் பலர் இங்கேயே தவறுகிறார்கள். வன்னி என்று நாங்கள் சொல்லும் நிலமும் வன்னித் தேர்தல் மாவட்டமும் ஒன்றல்ல. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். அதற்கு ஆறு ஆசனங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. பரந்தனில் இருப்பவரும் மாங்குளத்தில் இருப்பவரும் ஒரே ஏ9 வீதியில் இருந்தாலும் வேறு வேறு பட்டியலுக்குத்தான் வாக்களிக்கிறார்கள்.

இரண்டாவது: மூன்று லீவுகளையும் பிரித்து அறியுங்கள்

முதலாவது வகை ஒத்திவைப்பு. இது சபை தானே எடுத்துக்கொள்ளும் ஓய்வு. பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தின் முதலாவது, மூன்றாவது வாரங்களில், செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். அதாவது மாதத்துக்கு எட்டு நாள். நடுவில் வரும் வாரங்களும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விடும் நாட்களும், வரவு செலவுத் திட்டம் முடிந்து ஜனவரி வரை விடும் நாட்களும் எல்லாம் ஒத்திவைப்புத்தான். எந்த நாளில் எந்த அலுவல் என்பதைச் சபாநாயகர் தலைமையிலான பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு பேசி முடிவு செய்யும். கூட்டத்தொடர் தொடர்ந்துகொண்டே இருப்பதால் கேள்வி, பிரேரணை, மனு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த அமர்வில் விட்ட இடத்தில் தொடங்கும். அவசரம் என்றால் பிரதமரின் வேண்டுகோளின்படி சபாநாயகர் குறித்த நாளுக்கு முன்பே சபையைக் கூட்டவும் நிலையியற் கட்டளையில், அதாவது சபையின் நடைமுறை விதிகளில், இடம் உண்டு.

இரண்டாவது வகைதான் எங்களை விழுத்தியது. கூட்டத்தொடரை முடிவுறுத்துதல். இது சபையின் கையில் இல்லை. அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி ஒரு பிரகடனத்தால் செய்வது. அதிவிசேட வர்த்தமானியில் வரும். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளையும் அதே பிரகடனத்தில் குறிக்க வேண்டும். அந்த நாள் பிரகடனத் திகதியில் இருந்து இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. நினைத்தால் அந்த நாளை முன்னுக்கும் கொண்டுவரலாம், ஆனால் அதற்கு இன்னொரு பிரகடனமும் குறைந்தது மூன்று நாள் இடைவெளியும் வேண்டும். 2018இல் இதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். ஒக்டோபர் 27ஆம் திகதி கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது நவம்பர் 16 என்று நாள் குறித்தார்கள். பிறகு அது நவம்பர் 14 என்று மாறியது. இடையில் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார்கள். 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அடுத்த நாள் சபை கூடியது. டிசம்பர் 13ஆம் திகதி அந்தக் கலைப்பே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது.

இதில் ஒரு கமக்காரருக்குத் தெரிய வேண்டியது 70ஆம் உறுப்புரையின் நான்காவது பந்தி. முடித்துவைக்கும்போது தீராமல் இருந்த அலுவல்களை அடுத்த கூட்டத்தொடரில் தொடரலாம் என்று அது சொல்கிறது. "தொடரலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தானாகத் தொடரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒழுங்குப் பத்திரத்தில் இருந்தவற்றை வேண்டுமென்றால் மறுபடி பட்டியலில் ஏற்ற வேண்டும். எங்கள் காணிகளையே நினைத்துப் பாருங்கள். காலபோகம் முடிந்து சிறுபோகம் வரும்போது வயல் அதே வயல்தான், குளமும் அதே குளம்தான். ஆனால் போகத்துக்கு முந்திய கூட்டத்தில் உங்கள் ஏக்கரைப் பதியாவிட்டால் தண்ணீர் முறையில் உங்கள் பெயர் வராது. கூட்டத்தொடரும் ஒரு போகம்தான்.

பாராளுமன்றக் குழுக்களும் இந்தக் காலத்தில் கூடா. 2021 டிசம்பர் 12ஆம் திகதி நள்ளிரவில் முடித்துவைத்து 2022 ஜனவரி 18ஆம் திகதி வரை விட்டபோது, அரச நிறுவனங்களின் கணக்கைக் கேட்கும் கோப், கோபா குழுக்களும் அதோடு கலைந்து, புதிதாக அமைக்கப்பட வேண்டி வந்தது. ஐந்து வாரம்தான் என்றாலும் விசாரணைகளின் நூல் அறுந்தது. ஒரு நாட்டின் கணக்குப் பார்க்கும் வேலை ஒருவருடைய கையெழுத்தால் நிற்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் ஏற்க முடியாத விடயம். சபையின் சம்மதம் இல்லாமல் கூட்டத்தொடரை முடிக்க முடியாது என்று ஒரு நாள் சட்டம் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வகை கலைப்பு. இதில் எல்லாம் முடிந்தது. நிலுவையில் இருந்த சட்டமூலம், கேள்வி, பிரேரணை எல்லாம் போய்விடும். உறுப்பினரே உறுப்பினர் இல்லை. புதிய பாராளுமன்றம் மூன்று மாதத்துக்குள் கூட வேண்டும் என்பது விதி. 2024 செப்டெம்பர் 24ஆம் திகதி கலைத்து, நவம்பர் 14ஆம் திகதி தேர்தல் நடந்து, 21ஆம் திகதி புதிய சபை கூடியது. 2020இல் மார்ச் 2ஆம் திகதி கலைத்த சபைக்குப் பதிலாகப் புதியது கூடியதோ ஓகஸ்ட் 20ஆம் திகதிதான், கொரோனாவால் தேர்தல் தள்ளிப்போனதால். இப்போதைய சட்டப்படி முதல் அமர்வில் இருந்து இரண்டரை வருடம் முடியும்வரை, பாராளுமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்டாலொழிய, ஜனாதிபதி கலைக்க முடியாது. 2024 நவம்பர் 21 என்று வைத்து எண்ணினால் 2027 மே 21 வரும். அந்தத் திகதி தாண்டிய பிறகு நீண்டநாள் கோரிக்கை எதையும் தொடங்கும்போது இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: வருடத்தை ஒரு கொப்பியில் வரையுங்கள்

நான் செய்வது இதுதான். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. ஒரு மாதத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் அமர்வு நாட்கள், வலது பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியது. அமர்வு நாட்களைப் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே பார்க்கலாம். ஒழுங்குப் பத்திரமும் அங்கேயே வரும். போனில் எழுத்து சிறிதாகத் தெரியும், பிள்ளைகளிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்திரத்தின் தலைப்பிலும் எத்தனையாவது பாராளுமன்றம், எத்தனையாவது கூட்டத்தொடர் என்று இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். அதில் கூட்டத்தொடர் எண் மாறியிருந்தால் உங்கள் கேள்வி மறுபடி பதியப்பட வேண்டும். 2020 ஓகஸ்டில் கூடிய ஒன்பதாவது பாராளுமன்றம் கலைக்கப்படுமுன் ஐந்து கூட்டத்தொடர்களைக் கண்டது. அதாவது நான்கு முறை எண் மாறியது. முதல் மூன்று முறையும் நாங்கள் பார்க்கவில்லை.

வரவு செலவுத் திட்டக் காலத்தைத் தனியாகக் குறியுங்கள். வழக்கமாக நவம்பரில் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதிக்குள் முடியும். 2026ஆம் ஆண்டுக்கான திட்டம் 2025 நவம்பர் 7ஆம் திகதி வந்து டிசம்பர் 5ஆம் திகதி நிறைவேறியது. தேர்தல் வந்தால் இது தள்ளிப்போகும்: 2025ஆம் ஆண்டுக்கானது அந்த வருடம் பெப்ரவரி 17ஆம் திகதிதான் வந்தது, மார்ச் 21ஆம் திகதி நிறைவேறியது. இந்த வாரங்களில் முதல், மூன்றாம் வாரக் கணக்கு பொருந்தாது, சனிக்கிழமையும் கூடுவார்கள். எங்களுக்கு முக்கியம் குழுநிலை விவாதம். ஒவ்வொரு அமைச்சுக்கும் ஒரு நாள் ஒதுக்கி அதன் செலவைப் பேசுவார்கள். வனசீவராசிகள், நீர்ப்பாசனம், காணி என்று உங்கள் பிரச்சினை எந்த அமைச்சில் வருகிறதோ, அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே ஒரு பக்கத்தில் விபரம் எழுதி உறுப்பினருக்குக் கொடுங்கள். அவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். பதினைந்து பக்கம் கொடுத்தால் அதில் எதுவும் சபையில் வராது.

நான்காவது: எந்த வழியை எந்த நேரத்தில்

வாய்மூலக் கேள்விக்குப் பொறுமை வேண்டும். பதியப்பட்டு, அச்சாகி, முறை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முறை வந்த நாளிலும் அமைச்சர் அவகாசம் கேட்கலாம். ஆகையால் ஒரு நீண்ட ஓய்வு முடிந்து சபை கூடும் முதல் வாரத்துக்குள் கேள்வி பதிவாகியிருக்கும்படி, ஓய்வுக் காலத்திலேயே எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். நாள் கடந்து கொண்டுபோனால் அடுத்த ஓய்வு குறுக்கே வந்து நிற்கும்.

உடனே பேச வேண்டிய விடயம் என்றால், குளக்கட்டு உடைந்தது, மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பது போல, கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27இன் இரண்டாம் பந்தியின்கீழ் எழுப்பும் கேள்வி ஒரு வழி. நாள் முடிவில் ஒரு விடயத்தைப் பேசுவதற்கென்று வரும் ஒத்திவைப்புப் பிரேரணை இன்னொரு வழி. ஆனால் மாலையில் சபையில் ஆட்கள் குறைவாக இருப்பார்கள். இருபது உறுப்பினருக்குக் குறைவு என்று யாராவது சுட்டிக்காட்டினால், 73ஆம் உறுப்புரைப்படி அமர்வை ஒத்திவைக்க வேண்டும். பேச எழுதிவைத்தது பையிலேயே இருந்துவிடும். இது யாரும் திட்டமிடாத லீவு. பிற்பகல் கடைசியில் பேச்சு வைத்திருக்கிற உறுப்பினரிடம் இதை நினைவூட்டுவதில் தவறில்லை.

பொது மனு வேறு மாதிரி. தனி ஒருவருக்கு அரச அலுவலர் ஒருவரால் அநியாயம் நடந்தால் இதுதான் பொருத்தம். மனுவை நீங்கள் தமிழில் எழுதிக் கையெழுத்திடலாம். ஆனால் ஓர் உறுப்பினர்தான் அதைச் சபையில் சமர்ப்பிக்க முடியும். பிறகு அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு தேவை என்று கண்டால் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, அதாவது ஒம்புட்ஸ்மனுக்கு, அனுப்பும். சபை கூடாத நாளில் மனு சமர்ப்பிக்க வழியில்லை. ஓய்வு தொடங்கும் முன் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "கொடுத்தாச்சு" என்று வீட்டில் இருப்பதில் பயனில்லை. சமர்ப்பித்த திகதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது: லீவு உங்களுக்கு வேலை நாள்

அமர்வு இல்லாத வாரத்தில்தான் உறுப்பினர்கள் ஊரில் இருப்பார்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் பெரும்பாலும் அந்த நாட்களைப் பார்த்தே கூட்டப்படும். முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் ஒரு கூட்டத்தில் நான் பார்த்தது: உறுப்பினர்கள், திணைக்களத் தலைவர்கள், பிரதேச செயலாளர்கள் எல்லாரும் ஒரே மேசையில். கொழும்பில் ஒரு கேள்விக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் விபரத்தை, அங்கே ஒரு பொறியியலாளர் கோப்பைத் திறந்து இரண்டு நிமிடத்தில் சொன்னார். வேலிக்கான அளவீடு முடிந்திருந்தது, மின்கலம் வாங்கப் பணம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரி தெரிந்த பிறகுதான் எங்கள் கேள்வியைச் சரியாக எழுத முடிந்தது: "வேலி எப்போது?" என்று இருந்ததை "மின்கலத்துக்கான நிதி எப்போது விடுவிக்கப்படும்?" என்று மாற்றினோம். சபையில் கேட்பதற்கு முன் ஊரில் விபரம் எடுப்பதற்கு ஓய்வுக் காலத்தை விட நல்ல காலம் இல்லை.

உறுப்பினர் அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்குப் போகாவிட்டால் ஆசனம் வெறிதாகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆகவே அமர்வு வாரத்தில் அவரை ஊர் விழாவுக்கு இழுக்காதீர்கள். அவர் இருக்க வேண்டிய இடம் தியவன்னா ஓயாவின் நடுவில் இருக்கும் அந்தக் கட்டடம்.

வேறு நாட்டு மாநில சபைகள் எப்படி ஓய்வு எடுக்கின்றன?

வெளிநாட்டு உறவுகள் மூலம் இந்தச் செய்திகள் எங்கள் வீடுகளுக்குள் வருவதால் கொஞ்சம் சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தைத் "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது சபாநாயகர் செய்வது. கூட்டத்தொடரை முடிப்பது ஆளுநர். இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவில் ஆறு மாதம் தாண்டக்கூடாது என்பது இந்திய அரசியலமைப்பின் 174ஆம் உறுப்புரை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. ஜோர்ஜியாவில் வருடத்துக்கு நாற்பது சட்டமன்ற நாள். கூடிய நாள் மட்டும் கணக்கில் வரும். அதனால் இரு அவைகளும் தீர்மானம் போட்டு நடுவில் நாட்களை விட்டு விட்டு, ஜனவரியில் தொடங்கியதை வசந்தகாலம் வரை நீட்டிக்கொள்கின்றன. அலபாமாவில் 105 நாட்காட்டி நாட்களுக்குள் முப்பது அமர்வு நாள். டெக்சாஸ் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள் மட்டும் கூடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவின் முறை. அவர்களுடைய கோடை விடுமுறை நாள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும், ஆனால் வரவு செலவுத் திட்டச் சட்டமூலம் நிறைவேறியிருந்தால்தான் அது தொடங்கும் என்று அந்த நாட்காட்டியிலேயே எழுதியிருக்கும். வேலை முடிந்தால்தான் லீவு.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் சொல்லும் ஒன்ராறியோவிலும் அமர்வு நாட்காட்டி முன்பே தெரியும். உறுப்பினர்கள் தொகுதிக்குப் போவதற்கென்றே வாரங்கள் உண்டு. ஆனால் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தால் அதையும் நீட்டலாம். 2024இல் ஜூன் 6ஆம் திகதி எழுந்த சபை ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திரும்பக் கூடியது. நாலரை மாதம். எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அங்கேயும் ஓய்வைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஆறாவது: மாகாண சபைக்குப் போக வேண்டிய விடயம்

இதைச் சொல்லாமல் வன்னியில் இருந்து எழுதும் வழிகாட்டி முழுமையாகாது. பாடசாலைக் கட்டடம், சிறிய குளம், மாகாண வீதி, கிராமிய வைத்தியசாலை என்று எங்கள் பிரச்சினையில் பாதி மாகாணத்துக்கு உரியது. மாகாண சபையின் ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் அமர்வுக்கும் நடுவில் இரண்டு மாதம் செல்லக்கூடாது என்று 13ஆம் திருத்தத்தின் 154ஆ உறுப்புரை சொல்கிறது. நல்ல விதி. ஆனால் வடக்கு மாகாண சபை 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி தேர்தலில் தெரிவாகி, முப்பத்தெட்டு உறுப்பினரோடு கைதடியில் இயங்கி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அடுத்த வருடம் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, பழைய முறைக்கும் திரும்பவில்லை, அதனால் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. கூட்டத்தொடர் இருந்தால்தானே இரண்டு மாதம் எண்ண முடியும். அன்று பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பாலர் பாடசாலையில் சேர்க்கிறார்கள். மாகாண சபைக்கு அவர்கள் ஒரு முறையும் வாக்களித்ததில்லை. இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆகையால் மாகாண விடயம் என்றால் கடிதத்தை ஆளுநருக்கும், பிரதம செயலாளருக்கும், உரிய மாகாண அமைச்சின் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொடுங்கள். பிரதேச சபைக்கு உரியது என்றால் வழி சுலபம். 2023 மார்ச்சில் இருந்து சபை இல்லாமல் செயலாளர்களே பார்த்துக்கொண்டிருந்த இடங்களில், 2025 மே தேர்தலுக்குப் பிறகு ஜூன் 2ஆம் திகதியில் இருந்து மீண்டும் சபைகள் உண்டு. கரைச்சியோ துணுக்காயோ வெங்கலச்செட்டிகுளமோ, மாதக் கூட்டம் என்றைக்கு என்று சபை அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு வட்டார உறுப்பினரிடம் கொடுத்தால் போதும்.

கொப்பியின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி எண். பதிந்த திகதி. எத்தனையாவது பாராளுமன்றம், எத்தனையாவது கூட்டத்தொடர். கடைசியாக உறுப்பினரின் அலுவலகத்தில் யாரோடு, என்றைக்குப் பேசினோம். அடுத்த அமர்வு நாள்.

2024 ஜனவரி 26ஆம் திகதி நள்ளிரவில் மறுபடியும் கூட்டத்தொடரை முடித்தார்கள். பெப்ரவரி 7ஆம் திகதி ஐந்தாவது கூட்டத்தொடர் தொடங்கிய அன்று காலை, கொள்கை விளக்க உரை முடியும் முன்பே நான் போன் எடுத்தேன். மின்கலக் கேள்வி அந்த வாரமே மறுபடி பதிவானது. கொப்பியில் பழைய எண்ணை வெட்டிப் புதிய எண்ணை எழுதினேன். "லீவோ" என்று கேட்ட பெரியவர்தான் பக்கத்தில் இருந்து எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல.